மருமவன் சர்வர் வைக்கப் போறாராம்!

மருமவனே, வீட்ல சொந்தமா சர்வர் வைக்கப் போறியாம்ல. ஒங்கம்மா வந்து சொல்லிட்டுப் போனா. "லினக்ஸுன்னு ஒண்ணு போடுவானாம்ண்ணே, பைசா செலவு கெடயாதாம்"னு மொகமெல்லாம் பூரிப்பு. எனக்கும் பூரிப்புதாம். பைசா செலவில்லாம ராத்தூக்கத்தத் தொலைக்க வழி கண்டுபிடிச்ச மொத ஆளு நம்ம குடும்பத்துல நீதாம்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல கெடந்த கெழவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்னு நீ மனசுக்குள்ள சொல்லுதது எனக்குக் கேக்கு. சொல்லிக்க. சி-டாட் காரங்க செஞ்ச 128 போர்ட்டு எக்ஸ்சேஞ்சு 1986-ல கர்நாடகத்துக் கித்தூர்ல மொதல்ல ஓடுச்சு, பொறவு ஊரூரா வந்துச்சு. ஏசி கெடயாது. வெயிலும் தூசியும் அதுபாட்டுக்கு உள்ள வரும், போவும். அதுக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டு ஒக்காந்தவன் பேசுதேன். பெட்டியத் தெறந்து வைக்கது அரநாள் சோலி. நிக்காம ஓட வைக்கது மத்த எல்லா நாளும் உள்ள சோலி. நீ அந்த அரநாளுக்கு மட்டும் யூடியூப் பாத்து வச்சிருக்க.

மொதல்ல பெட்டிக்கு வருவோம். சென்னை ரிச்சி தெருவுல பழைய ரேக் சர்வர் ஒண்ணு கண்ணு வச்சிருக்கியாம். ரெண்டு பிராசசராம். தாராளமா வாங்கு. தட்டையான பெட்டியில்லா, உள்ள பெரிய விசிறி வைக்க எடம் கெடயாது. சின்னச் சின்ன விசிறியா வரிசைக்கு வச்சிருப்பான். சின்ன விசிறி காத்துத் தள்ளணும்னா நிமிசத்துக்கு ஆயிரக்கணக்குல சுத்தணும். ஆளே இல்லாத ஏசி ரூம்ல வைக்கதுக்குன்னு செஞ்ச சாமான் அது. நீ அத கைப்புள்ள தூங்குத வீட்டுல, அடுக்களைக்கும் படுக்கைக்கும் நடுவுல வைக்கப் போற. ஒம் பொண்டாட்டி ஒரு நாள் பொறுப்பா. மறுநாள் சர்வரும் நீயும் ஒண்ணா மொட்டமாடிக்குப் போயிருவிய.

கரண்டுக் கணக்கு போட்டியா? போட்டிருக்க மாட்ட. சும்மா இருக்கும்போதே நூறு வாட்டு இழுக்க பெட்டின்னா ஒரு நாளைக்கு 2.4 யூனிட்டு. ரெண்டு மாசத்துக்கு 144. அரசாங்கம் ரெண்டு மாசத்துக்கு வீட்டுக்குச் சும்மா குடுக்கது 100 யூனிட்டு. அரசாங்கத்துத் தர்மம் முழுக்க பெட்டி தின்னுட்டு, வெளக்குக்கும் காத்தாடிக்கும் மிக்சிக்கும் நீ காசு கட்டுவ. அதுக்குப் பதிலா ஆபீசுகள்ல கழிச்சுக் கட்டுத சின்னப் பெட்டி கெடைக்கும். டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனின்னு பேரு. சும்மா இருக்கையில பத்து வாட்டு பக்கந்தாம் இழுக்கும். ரெண்டு மாசத்துக்குப் பதினஞ்சு யூனிட்டுக்குள்ள முடிஞ்சிரும். ஆனா அதக் காட்டி சேக்காளிககிட்ட பீத்திக்க முடியாது. அந்த நட்டத்தையும் கணக்குல சேத்துக்க.

இன்னொரு வழியும் இருக்கு. ஒந்தங்கச்சி ப்ளஸ் டூ படிச்சப்ப அரசாங்கம் குடுத்த லேப்டாப்பு பரண்ல கெடக்குல்லா. 2011-ல அந்தத் திட்டம் தொடங்குனப்ப, விண்டோஸோட பாஸ் லினக்ஸும் சேத்துப் போட்டுத்தாம் குடுத்தாவ. சென்னை சி-டாக் செஞ்சது அது. நீ இப்பப் போடப்போற டெபியன் மேல கட்டுனதுதாம். ஆக, லினக்ஸு ஒங்க வீட்டுப் பரணுக்கு வந்து வருசக்கணக்காச்சு. இத்தன நாளும் எவனும் அதத் தெறந்து பாக்கல, எல்லாரும் விண்டோஸ்ல வடிவேலு பாத்துக்கிட்டு இருந்தோம். அத எடுத்துத் தூசி தட்டு. பாட்டரி உப்பியிருந்தா மட்டும் மொதல்ல கழத்தி எறி, வெளையாட்டு இல்ல, தீப்புடிக்கும். பாட்டரி நல்லா இருந்தா யுபிஎஸ் தனியா வேண்டாம். ஆனா ஒண்ணு, மூடி வச்சா லேப்டாப்பு ஒறங்கிரும். சிஸ்டம்டியோட லாகின்டி கான்ஃப் ஃபைல்ல 'ஹேண்டில் லிட் ஸ்விட்ச்'சுங்க வரிக்கு 'இக்னோர்'னு போட்டாத்தாம் மூடுனாலும் முழிச்சிருக்கும். இத நான் சொல்லலன்னா, மூடி வச்சிட்டு ஆபீசுக்குப் போயி, அங்கயிருந்து நெட்டுக் கம்பெனிக்காரன ஏசிக்கிட்டு இருப்ப.

அதுக்கும் பழசா 32 பிட்டுப் பெட்டி ஒண்ணு மூலையில கெடக்கே, அதத் தொடாத. டெபியன் 13-ல அதுக்கு இன்ஸ்டாலரே போடல.

அடுத்து, எந்த லினக்ஸுன்னு ஒரு மாசம் யோசி. அவசரப்படாத. ஆர்ச்சா, உபுன்டுவா, பிராக்ஸ்மாக்ஸான்னு டீக்கடையில வாதாடுத சொகம், போட்டு முடிச்சப்பொறவு வராது. எங்கிட்டக் கேட்டா டெபியன் போடும்பேன். காரணம், அதுல புதுசா ஒண்ணும் நடக்காது. ஏறக்கொறைய ரெண்டு வருசத்துக்கு ஒருக்க புதுப் பதிப்பு, மூணு வருசம் முழுக் கவனிப்பு, அதுக்குமேல ரெண்டு வருசம் பாதுகாப்புத் திருத்தம். ஒன்னய மாதிரி ஆளுக்கு இது பெரிய கொறதாம், நோண்ட ஒண்ணும் இருக்காது.

1993 ஆகஸ்டு 16-ல இயன் மர்டாக்னு அமெரிக்காவுல காலேசு படிச்சுக்கிட்டிருந்த பையன் இந்த டெபியன அறிவிச்சான். தாங் கூட்டுக்காரி டெப்ரா பேரையும் தம் பேரையும் சேத்து டெபியன்னு வச்சான். நீ கல்யாணமாயி ஒம் பொண்டாட்டி பேர ரேசன் கார்டுல சேக்கதுக்கே எத்தன தடவ வாய்தா வாங்குன! பதிப்புக்கெல்லாம் டாய் ஸ்டோரி படத்துப் பொம்மைக பேரு. 2023-ல வந்தது புக்வோர்ம். 2025 ஆகஸ்டு 9-ல வந்தது டிரிக்ஸி. எப்பவும் மாறிக்கிட்டே இருக்க ஒரு கெளை இருக்கு, அதுக்குச் சிட்னு பேரு. அந்தப் படத்துல பொம்மையெல்லாம் ஒடைக்கானே ஒரு பய, அவம் பேருதாம். இதுக்கு மேல எச்சரிக்கணும்னா வீட்டுக்கு ஆள்தாம் அனுப்பணும். நீ கண்டிப்பா அதத்தாம் போடுவ, எனக்குத் தெரியும்.

சரி, போடுத கதைக்கு வா. ஐஎஸ்ஓ ஃபைல டெபியனோட எடத்துலயே எறக்கு, கூடவே அங்க போட்டிருக்க செக்சம்மையும் எடுத்து ஒத்துப் பாரு. பென் டிரைவ்ல ஏத்த ரூஃபஸ் போதும். நீ பெரிய ஆளுன்னு காட்ட 'டிடி' கட்டளைதாம் அடிப்பேன்னா அடி. அது கேள்வியே கேக்காது. பென் டிரைவ் இருக்க எடத்துல ஒரு எழுத்த மாத்தி அடிச்சாலும் அதே பணிவோட ஒன் ஹார்டு டிஸ்க்கு மேல எழுதிட்டு, எத்தன பைட்டு எழுதுனேன்னு கணக்கும் குடுக்கும். அடிக்க முன்னால 'எல்எஸ்பிஎல்கே' போட்டு எது எந்த டிஸ்க்குன்னு பாத்துக்க.

இன்ஸ்டாலர் தமிழ்லயும் பேசும். பாக்க சந்தோசமா இருக்கும். ஆனா சர்வருக்கு இங்கிலீசே வை. ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஒரு பிழைச் செய்தி தமிழ்ல வந்தா, அதத் தேடுனா உலகத்துல ஒருத்தனும் பதில் எழுதியிருக்க மாட்டான். பெட்டிக்குப் பேரு கேக்கும். தோர், ஜியூஸ்னு ஊர்பட்ட சாமி பேரையெல்லாம் யோசிச்சு ரெண்டு நாளப் போக்கிராத. நம்மூர் சுடலைமாடன் என்ன கொறஞ்சவரா? ராத்திரி முழுக்க முழிச்சிருக்க சாமி, பொருத்தமாவும் இருக்கும். வயர்லெஸ்ஸ நம்பாத, ரவுட்டர்ல இருந்து கேபிள் இழு. டெபியன் 12-ல இருந்து வைஃபை கார்டுக்கு வேண்டிய ஃபர்ம்வேரெல்லாம் உள்ளயே வருதுதாம். வந்தா என்ன, சர்வர் நடமாடவா போவுது?

ரூட்டுக்குப் பாஸ்வேர்டு கேக்குத எடத்துல ஒண்ணும் போடாம என்டர் தட்டு. அப்பத்தாம் ஒன் பேருக்குச் சூடோ அதிகாரம் தானா வரும். கெத்தா ரூட்டுக்கும் ஒண்ணு போட்டுட்டு, பொறவு சூடோவத் தனியா ஏத்தி அடிச்சா, நீ பட்டியல்ல இல்ல, ஒம்மேல புகார் போவும்னு மெரட்டும். பயந்துராத. புகார் போறது நிர்வாகிக்கு. நிர்வாகி யாரு? நீதாம். இந்த நாட்டுல இம்புட்டுச் சீக்கிரம் விசாரணை முடியுத புகார் வேற கெடயாது.

இனி வருதது ஆபத்தான எடம். டிஸ்க்க எப்படிப் பிரிக்கணும்னு கேக்கும். 'முழு டிஸ்க்கையும் எடுத்துக்க'ன்னு ஒரு வழி இருக்கும். அது சொன்னதச் செய்யும், முழுசையும் எடுத்துக்கும். அந்தப் பெட்டிக்குள்ள இன்னொரு டிஸ்க்குல ஒங்க கல்யாண வீடியோ கெடந்தா, மொதல்லயே பெட்டியத் தெறந்து அதோட கேபிளக் கழத்தி வச்சிட்டு ஒக்காரு. வயரக் கழத்துன டிஸ்க்க எந்தக் கட்டளையாலயும் அழிக்க முடியாது. கடசியா, மாத்தத்த எழுதவான்னு ஒரு தடவ கேக்கும், கர்சர் 'இல்ல'யில நிக்கும். அத எழுதுன ஆளு ஒன்னய மாதிரி எத்தன பேரப் பாத்திருப்பான்! டிஸ்க்க முழுசா என்க்ரிப்ட் பண்ணவான்னும் ஒரு வழி இருக்கு. நல்லதுதாம், களவாணி தூக்கிட்டுப் போனாலும் ஒண்ணும் படிக்க முடியாது. ஒவ்வொரு தடவ கரண்டு போயி வரும்போதும் ஆராவது கீபோர்டு மாட்டி கடவுச்சொல்லு அடிக்கணும், அவ்வளவுதாம். நீ பெங்களூருக்கு டிரெயினிங் போயிருக்கையில ஒங்கம்மா கண்ணாடியத் தேடி எடுத்து அடிப்பா.

முடிவுல என்னென்ன வேணும்னு பட்டியல் வரும். டெஸ்க்டாப்பும் க்னோமும் ஏற்கனவே டிக் அடிச்சு நிக்கும். ரெண்டையும் எடு. வேற பெட்டியில இருந்து உள்ள வர எஸ்எஸ்ஹெச் சர்வர டிக் அடி. திரையில எழுத்து மட்டும் வந்து, கறுப்பா, ஒரு கோடு மின்னிக்கிட்டு நின்னா, மருமவனே, போட்டாச்சு. ஒம் பொண்டாட்டி எட்டிப் பாத்து, "இதுக்காவா ரெண்டு நாளா சாப்புடாம கெடந்திய?"ன்னு கேப்பா. ஆமான்னு சொல்லு. விளக்கப் போனா ரெண்டு பேருக்கும் மனசு கஷ்டம்.

இனிமத்தாம் விசயமே இருக்கு. சர்வர் வைக்கதுங்கது வீட்ல பசுமாடு கட்டுத மாதிரி. வாங்கிட்டு வந்த அன்னைக்குத் தெருவே வந்து பாக்கும். மறுநாள்ல இருந்து சாணி அள்ளுதவன் நீ மட்டுந்தாம். அது இருக்கேன்னு குத்தாலத்துக்குப் போயி ரெண்டு நாள் குளிக்கக் கூட யோசிக்கணும். ஒங்கம்மா போன்ல எடுக்க படமெல்லாம் இம்மிச்சுங்க சாப்ட்வேர் வழியா அதுக்குள்ள போவ ஆரம்பிச்சு, புள்ள ஜெல்லிஃபின்ல கார்ட்டூன் பாக்கப் பழகிருச்சுன்னா, பொறவு அது ஒன் வெளையாட்டுச் சாமான் இல்ல. ஞாயித்துக்கெழமை சும்மா நோண்டி ஒடைச்சா வீட்டுல நாலு பேரு வந்து நிப்பாவ. எக்ஸ்சேஞ்சு நின்னா ஊர்க்காரன் வந்து ஏசுவான். அவனாவது கொஞ்ச நேரத்துல வீட்டுக்குப் போயிருவான்.

அதனால, போட்டதும் முப்பது சாப்ட்வேர் ஏத்து! அப்படித்தாம் எல்லாரும் செய்யுதாவ. மூணு பேரு இருக்க வீட்டுக்குக் குபர்நெடிஸ் போட்டு, அதக் கண்காணிக்க இன்னொண்ணு போட்டு, கண்காணிக்கது ஒழுங்கா ஓடுதான்னு பாக்க வேறொண்ணு போட்டு. கடசியில அந்தப் பெட்டிக்குள்ள அதையே அது கண்காணிக்கதத் தவிர வேற சோலியே நடக்காது. இல்ல மாமா, நான் கொறச்சலாத்தாம் வைப்பேன்னு அடம்பிடிச்சா, படத்துக்கு ஒண்ணு, சினிமாவுக்கு ஒண்ணு, ஃபைல் பகிர சாம்பா ஒண்ணு. அதோட நிறுத்து. ஒரு மாசம் ஓடட்டும். என்ன செஞ்சேன்னு நாப்பது பக்க நோட்டுல பேனாவால எழுது. சர்வர் செத்தா எப்படி எழுப்பணுங்கத சர்வருக்குள்ளயே எழுதி வச்ச கோட்டிக்காரனுவ நெறைய உண்டு.

கரண்டு விசயத்துல நான் கொஞ்சம் கறாரு. எக்ஸ்சேஞ்சுல 48 வோல்ட்டு பாட்டரி ரூமுன்னு தனியா இருக்கும். ஊரே இருட்டுல கெடந்தாலும் போன்ல டயல் டோன் வரும். நம்மூர்ல மாதாந்திரப் பராமரிப்புன்னு காலைல 9 மணிக்கு நிறுத்துனா சாயங்காலந்தாம் வரும். சின்ன யுபிஎஸ் அம்புட்டு நேரம் தாங்காது, தாங்கணும்னும் இல்ல. நட்டுன்னு ஒரு சாப்ட்வேர் இருக்கு, நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ். யுபிஎஸ்ஸுல இருந்து ஒரு யூஎஸ்பி வயர் இழுத்துச் சர்வர்ல சொருகி அதப் போட்டா, பாட்டரி தீரப்போவுதுன்னதும் பெட்டியே ஒழுங்கா அணைஞ்சிரும். கரண்டு வந்ததும் தானா எந்திரிக்கணும்னா பயாஸ்ல 'பவர் போனப்பொறவு ஆன் ஆவு'ங்க அமைப்ப மாத்து. இந்த ரெண்டையும் செய்யாம, ஆயிரம் மைல் தூரத்துல இருந்து பெட்டியோட பேசுதேன்னு பெரும பேசாத. ஸ்விட்ச்ச அமுக்க ஒங்கம்மாவுக்குத்தாம் போன் போட்டுக்கிட்டு இருப்ப.

யூஎஸ்பி டிஸ்க்கு ஒண்ணு மாட்டி, அது தானா ஏறணும்னு எஃப்எஸ்டேப்ல ஒரு வரி எழுதுவ. அந்த வரியில 'நோஃபெயில்'ங்க வார்த்தைய விட்டுரு, வேடிக்கையா இருக்கும். என்னைக்காவது புள்ள அந்த டிஸ்க்கு வயரப் புடுங்குவான். அடுத்த தடவ பெட்டி எந்திரிக்கும்போது டிஸ்க்கு எங்க, டிஸ்க்கு எங்கன்னு ஒன்றர நிமிசம் தேடிட்டு, அவசரநிலைன்னு எழுதிக் காட்டிட்டு ஒக்காந்துரும். நெட்வொர்க்கு வராது. எஸ்எஸ்ஹெச்சு வராது. மானிட்டரத் தூக்கிட்டுப் பெட்டிகிட்ட ஓடு.

எஸ்எஸ்ஹெச்சுன்னதும் ஞாபகம் வருது. பாஸ்வேர்ட வச்சு உள்ள வருதத நிறுத்தி, சாவி வச்சு மட்டும் வரும்படி செய்யணும், சரிதாம். ஆனா சாவி வேல செய்யுதான்னு இன்னொரு சன்னல்ல நொழஞ்சு பாக்க முன்னால இந்தச் சன்னல மூடாத. ஃபயர்வால் போடும்போதும் அதே கததாம். 22-ஆம் போர்ட்டுக்கு வழி விடுன்னு சொல்லிட்டுத்தாம் அத ஓட விடணும். மொதல்ல ஓட விட்டா, உள்ள வர முடியாத முதல் ஆளு நீயாத்தாம் இருப்ப. ஒன் பாதுகாப்பு அந்த அளவுக்குப் பலம்.

வெளியூர்ல இருந்து வீட்டுப் பெட்டியத் தொடணும்னு ஆச வரும். ரவுட்டர்ல போர்ட்ட தெறந்து விட்டாப் போதும்னு ஆராவது சொல்லுவான். தெறந்து பாரு. கொஞ்ச நேரத்துல ரூட், அட்மின்னு பேரு சொல்லிக்கிட்டு உலகத்துல உள்ள ரோபோவெல்லாம் கதவத் தட்டுதத லாக்ல பாக்கலாம். ஒன் கல்யாணத்துக்குக் கூட அம்புட்டுப் பேரு வரல. நெறைய வீட்டு இணைப்புல அந்தக் கதவே உண்மையான கதவு இல்ல. ரவுட்டர்ல வெளி ஐபி எண்ணு 100.64-ல இருந்து 100.127-க்குள்ள ஆரம்பிச்சா, கம்பெனிக்காரன் ஒரே வெளி எண்ண பல வீட்டுக்குப் பங்கு வச்சிருக்கான்னு அர்த்தம். நீ எத்தன போர்ட்டு தெறந்தாலும் ஒரு பய வர முடியாது, நீயும் சேத்து. வயர்கார்டுன்னு ஒரு விபிஎன் 2020-ல லினக்ஸு கெர்னலுக்குள்ளயே சேந்துருச்சு. அதுமேல கட்டுன டெயில்ஸ்கேல் மாதிரி ஒண்ணப் போட்டா, கதவே தெறக்காம நீ மட்டும் போயி வரலாம். பாதுகாப்புத் திருத்தமெல்லாம் தானா ஏற 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்' போட்டுரு. நீ கையால செய்வேன்னு சொல்லுத. மோட்டார் ரூம் பல்பு மாத்துதேன்னும் பொங்கலுக்கு முன்னாலயே சொன்ன.

நேத்து வாங்குன 4 டிபி டிஸ்க்கு ரெண்டையும் ரெய்டுல சேக்கப் போறேன், ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கும், இனி பயமில்லன்னு ஒங்கம்மாகிட்டச் சொன்னியாம். டிஸ்க்கு ஒண்ணு செத்தா ரெய்டு காப்பாத்தும். நீயே தப்பா ஒரு ஃபோல்டர அழிச்சா? ரெண்டு டிஸ்க்குலயும் ஒரே நேரத்துல, ரொம்ப விசுவாசமா அழிக்கும். மூணு நகல், ரெண்டு விதமான எடம், அதுல ஒண்ணு வீட்டுக்கு வெளியன்னு படம் எடுக்கவங்க ஒரு கணக்கு வச்சிருக்காவ. வெளிய வைக்க எடமில்லன்னா எங்க வீட்டு பீரோ இருக்கு, மாசத்துக்கு ஒருக்க டிஸ்க்கக் கொண்டு வா. ஒங்க அத்தைக்கும் ஒன்னயப் பாத்த மாதிரி இருக்கும். நகல் எடுத்தா மட்டும் பத்தாது, அதுல இருந்து ஒரு படத்தத் திருப்பி எடுத்துக் காட்டு. ஒங்க தாத்தா பட்டாளத்துல இருந்தப்ப எடுத்த படம் ஒண்ணு ஸ்கேன் பண்ணி வச்சிருக்கல்லா, அது வருதான்னு எங்கண்ணு முன்னால தெறந்து காட்டு. அது வந்தாத்தாம் ஒன்னோட பேக்கப்ப நான் நம்புவேன்.

எல்லாம் ஓட ஆரம்பிச்சதும் எனக்கும் அதுல ஒரு யூசர் போட்டுக் குடு. சூடோவோட வேணும். ஒங்களுக்கு எதுக்கு மாமா அதெல்லாம்னு இழுக்காத. அந்த ரெண்டு டிஸ்க்குக்கும் நீ ஒம் பொண்டாட்டிகிட்டச் சொன்ன வெல ஒண்ணு, கடக்காரன் போட்ட பில்லுல உள்ள வெல ஒண்ணு. வாங்குன அன்னைக்கு என் வண்டிப் பொட்டியிலதாம் பையப் போட்டுட்டு வந்த. பை மட்டுந்தாம் ஒன் வீட்டுக்கு வந்துச்சு. பில்லு எங்கிட்ட இருக்கு.